பேய்க்கும் ஒரு பேர் இருக்கு!

(தலைப்பு: அடுத்தடுத்து வரும் பேய்ப் படங்களால் விளைவது பொழுதுபோக்கே! பாதிப்பே! இடம்: செம்மநத்தம், ஏற்காடு மலை. ‘பாதிப்பே’ அணியின் இரண்டாவது பேச்சு.)

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! என் அணித் தோழர்களே! பேய்க்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு எதிரே அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து இன்னும் தலை சுற்றிக்கொண்டிருக்கிற விருந்தினர்களே! ஏறி வரவே தேவையில்லாமல் பிறந்ததிலிருந்து இந்த மலையிலேயே வாழ்கிற செம்மநத்தம் பெரியவர்களே, தாய்மார்களே! 

எதிரணியில முதல்ல பேசின அண்ணன் ஒரு பெரிய கண்டுபிடிப்பைச் சொல்லிட்டுப் போனார். பேய்ப் படம் பார்த்தா குடும்பம் ஒண்ணாகுமாம். எப்படின்னா, பயத்துல புருஷன் பொண்டாட்டி கையைப் பிடிச்சுக்குவாராம். ஐயா, கல்யாணமாகி இருபது வருஷம் ஆனவர் சொந்தப் பொண்டாட்டி கையைப் பிடிக்கறதுக்கு ஒரு பேய் வந்து சிபாரிசு பண்ண வேண்டியிருக்குன்னா, பாதிப்பு எங்க வரைக்கும் வந்திருக்கு பாருங்க! (சிரிப்பு, கைதட்டல்)

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். பேய்ப் படம் பார்த்தா பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், படம் பார்த்துத்தான் பையன் கெட்டுப்போனான் என்கிற பழைய பல்லவியை நான் பாட வரலை. பார்க்கிறவனுக்கு வர்ற பாதிப்பை மற்றவங்க பேசட்டும். படத்துல யாரைப் பேயாக்கினாங்களோ, எந்த இடத்தைப் பேய் இடமாக்கினாங்களோ, அவங்களுக்கு வர்ற பாதிப்பைப் பேசத்தான் நான் வந்திருக்கேன். பார்க்கிறவனாவது காசு கொடுத்துப் பயப்படறான். இவங்க டிக்கெட்டே வாங்கலைங்க!

அதுக்கு முன்னாடி அமெரிக்கா வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வருவோம். அங்கே ‘வெள்ளிக்கிழமை 13-ம் தேதி’ன்னு பேர் வைத்து 1980-ல ஒரு படம் வந்தது. சுமார் அஞ்சரை லட்சம் டாலர்ல எடுத்த சின்னப் படம். அமெரிக்காவில் மட்டும் கிட்டத்தட்ட நாலு கோடி டாலர் வசூல். ஏரிக்கரையில ஒரு பிள்ளைகள் முகாம். ஜேசன்னு ஒரு பையன் அந்த ஏரியில மூழ்கிப் போயிடறான். பார்த்துக்க வேண்டியவங்க பார்த்துக்கலை. அதுக்குப் பழி வாங்கறது யார் தெரியுமா? அவனைப் பெத்த அம்மா! முதல் படத்துல கொலைகாரி அந்தம்மாதான். அதுல ஒரு தாயோட துக்கமாவது இருந்தது. கதையும் அதோட முடிஞ்சது.

முடிய விடுவாங்களா? நாலு கோடியாச்சே! 1981-ல செத்த பையனே வந்துட்டான். 1982-ல, மூணாவது பாகத்துல முகமூடி மாட்டிட்டான். 1984-ல நாலாவது படத்துக்கு ‘கடைசி அத்தியாயம்’னே பேர் வச்சாங்க. அடுத்த வருஷமே அஞ்சாவது படம், ‘புதிய ஆரம்பம்’! (சிரிப்பு) அதுல கொலை பண்ணினது ஜேசனே இல்ல, அவன் பேர்ல வேற ஒருத்தன். ஜனங்க கோவிச்சுக்கிட்டாங்க. உடனே 1986-ல சமாதியைத் தோண்டி, பிணத்துல ஒரு இரும்புக் கம்பி குத்தி நிற்க, அந்தக் கம்பியில இடி விழுந்து எழுந்துட்டான். நம்ம ஊர்ல இடி விழுந்தா கரண்ட் போகும். அங்கே இடி விழுந்தா பிணத்துக்குக் கரண்ட் வருது! (பலத்த சிரிப்பு) 1993-ல மறுபடியும் ‘இதுதான் கடைசி’ன்னாங்க. அப்புறம் விண்வெளிக்கே அனுப்பிப் பார்த்தாங்க. 2009 வரைக்கும் மொத்தம் 12 படம். நம்ம ஊர் ஜவுளிக்கடையில ‘கடைசி நாள் தள்ளுபடி’ போர்டு பன்னிரண்டு மாசமும் தொங்குமே, அந்த மாதிரி.

நம்ம ஊர் கணக்கும் சொல்லிடறேன். இந்தியில 1984-ல ராம்சே சகோதரர்கள் ‘புரானா மந்திர்’னு எடுத்தாங்க. சாம்ரின்னு ஒரு ராட்சதன் கொன்னு குவிப்பான். படம் ஓடிச்சு. மறு வருஷமே அந்தப் பேரையும் அதே நடிகரையும் வச்சு 3டி கண்ணாடி மாட்டி இன்னொரு படம். தமிழ்ல ‘முனி’ 2007. அதுல ஆரம்பிச்சு காஞ்சனா ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு 2019 வரைக்கும் நாலு. ‘அரண்மனை’ 2014-லேர்ந்து 2024-க்குள்ள நாலு. சேலத்துல ஒரு அரண்மனை கட்டியிருந்தாக்கூட அதுக்கு இவ்வளவு மாடி வந்திருக்காது! (சிரிப்பு)

நடுவர் ஐயா, நம்ம பாட்டன் பூட்டன் பேய்க் கதையே சொல்லலியான்னு நீங்க கேட்கலாம். சொன்னாங்க. பழையனூர் நீலி கதை நமக்கெல்லாம் தெரியும். ‘நீலிக் கண்ணீர்’னு இன்னிக்கும் மாமியார் மருமகளைச் சொல்றது அங்கேர்ந்து வந்ததுதான். திருவாலங்காட்டுப் பக்கம் பழையனூர். கட்டின புருஷனே கொன்னுட்டான். அவ பேயா வந்தா. கையில ஒரு கட்டை, அதைக் குழந்தையா மாத்தி இடுப்புல வச்சுக்கிட்டு ஊர் சபையில வந்து அழுதா. இவர்தான் என் புருஷன், என்னோட அனுப்பி வைங்கன்னா. அவன் அலர்றான், இது பொண்ணு இல்ல, பேய்னு. வேளாளர் எழுபது பேரும், உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாங்க உயிரை விடறோம்னு வாக்குக் கொடுத்து அவளோட அனுப்பினாங்க. விடிஞ்சா அவன் செத்துக் கிடக்கான். எழுபது பேரும் தீயில இறங்கினாங்க.

இந்தக் கதையில பேய்க்கு ஒரு கணக்கு இருந்தது. கணக்கு தீர்ந்தது, அவ போயிட்டா. ஊர் ஞாபகம் வச்சுக்கிட்டது அவ பல்லையும் நகத்தையும் இல்ல, எழுபது பேர் கொடுத்த வாக்கை. நீலி ரெண்டாம் பாகத்துல அந்த எழுபது பேரோட பேரன்களைத் தேடிப் பட்டணத்துக்கு வரலை! (கைதட்டல்) அந்தக் காலத்துப் பேய் கணக்கு முடிஞ்சா போயிடும். இந்தக் காலத்துப் பேய் கலெக்‌ஷன் முடிஞ்சாத்தான் போகுது.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். 2015-ல ‘டிமான்ட்டி காலனி’ வந்தது. அஜய் ஞானமுத்து இயக்கம், அருள்நிதி நடிப்பு. நல்லா எடுத்த படம். அதை நான் மறுக்க மாட்டேன். நாலு பசங்க ஒரு பாழடைஞ்ச பங்களாவுக்குள்ள போறாங்க, ஒரு சங்கிலி கைக்கு வருது, அப்புறம் டிமான்ட்டி என்கிற ஆவி ஒவ்வொருத்தரா... சரி, குழந்தைங்க இருக்காங்க, விட்டுடறேன். 2024-ல ரெண்டாம் பாகமும் வந்துடுச்சு. நம்ம தமிழ் சினிமாவுல ஜேசன் மாதிரி பாகத்துக்குப் பாகம் வந்து கொல்ற ஆவின்னா அது டிமான்ட்டிதான்.

கேட்கறேன், டிமான்ட்டி யாரு? கற்பனைப் பேரா? இல்லீங்க. ரத்தமும் சதையுமா இருந்த மனுஷன்! ஜான் டி மான்ட்டி. போர்த்துகீசிய வம்சம். இருநூறு வருஷத்துக்கு முன்னாடி மெட்ராஸ்ல பெரிய வியாபாரி. கோவளம் கடற்கரைக்குப் போயிருப்பீங்க, மீன் வறுவல் சாப்பிட்டிருப்பீங்க. அங்கே இருக்கிற மாதா கோயில்லதான் அவரை அடக்கம் பண்ணியிருக்காங்க. 1821-ல இறந்தார். சாகறப்போ என்ன பண்ணினார்? சேர்த்த சொத்தைத் தர்ம காரியத்துக்குன்னு திருச்சபைக்கு எழுதி வச்சார். சென்னை ஆழ்வார்ப்பேட்டையில இருக்கிற அந்தக் காலனி நிலமும் அப்படி வந்ததுதான். வீட்டுல அவருக்குத் துக்கம் இருந்ததுன்னு சொல்லுவாங்க. மனைவிக்கு மனநிலை சரியில்ல, மகன் சின்ன வயசுலயே போயிட்டான்னு சொல்லுவாங்க. துக்கப்பட்ட மனுஷன், கொடுத்துட்டுப் போன மனுஷன். ஏறத்தாழ இருநூறு வருஷம் கழிச்சு நாம அவருக்குக் கொடுத்த பட்டம் என்ன? கொலைகாரப் பேய்! (நீண்ட கைதட்டல்)

எதிரணி அக்கா குறிப்பு எடுக்கறாங்க. தெரியும், என்ன கேட்கப் போறாங்கன்னு. படத்துக்கு முன்னாடியே அந்தத் தெருவைப் பத்தி அப்படி ஒரு பேச்சு இருந்ததேம்பாங்க. இருந்தது அக்கா. வீடுங்க பூட்டிக் கிடந்தது, சுவத்துல அரச மரம் முளைச்சது, ராத்திரி அந்தப் பக்கம் போனவன் பூனையைப் பார்த்துட்டு வந்து கதை விட்டான். தெருமுனைப் பேச்சு தெருமுனையிலயே நின்னிருக்கும். அதுக்கு இசை போட்டு, கிராபிக்ஸ் போட்டு, மதுரை, நெல்லை, மலேசியா வரைக்கும் கொண்டு போனது சினிமா. அதுக்கப்புறம் செல்போனும் டார்ச்சும் எடுத்துக்கிட்டு ராத்திரியில அந்தத் தெருவைத் தேடிப் போய் வீடியோ எடுக்கறாங்க. பக்கத்துல குடும்பங்க குடியிருக்கு. பிள்ளை படிக்குது, பெரியவர் தூங்கறார். வெளியே ஒருத்தன், ‘நண்பர்களே, உங்களுக்கு அந்தச் சத்தம் கேட்குதா?’ங்கறான். கேட்குதுப்பா, உன் சத்தம்தான் கேட்குது! (சிரிப்பு)

காஞ்சனாவைச் சொன்னாங்க. அதை நான் மதிக்கறேன். 2011-ல ஒரு திருநங்கையை, நிலத்துக்காக அநியாயமாக் கொல்லப்பட்ட ஒருத்தியை, சரத்குமார் மாதிரி பெரிய நடிகர் நடிச்சுக் காட்டி, தியேட்டர்ல குடும்பம் குடும்பமா அவ பக்கம் நின்னு கைதட்ட வச்சாங்களே, அது சாதனை. ஆனா யோசிச்சுப் பாருங்க. அங்கே கற்பனையான ஒருத்திக்கு நியாயம் கிடைச்சது. இங்கே நிஜமான ஒருத்தருக்கு அநியாயம் நடந்திருக்கு. அவர் சார்பா வழக்குப் போடக்கூட ஆள் இல்ல. 

சரி, மெட்ராஸ் கதையை எதுக்கு ஏற்காட்டுல வந்து சொல்றேன்? இந்த மலைக்குக் கீழேதான் டி.ஆர்.சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் நடத்தினார். நூத்துக்கும் மேல படம் எடுத்த இடம். ஏற்காடு ரோட்டுல அந்த நுழைவு வளைவு இன்னும் நிற்குது. சினிமா நமக்கு அந்நியம் இல்ல. ஆனா சினிமாவுல மலைன்னா என்ன? ரெண்டே ரெண்டு. ஒண்ணு, டூயட்டு. இன்னொண்ணு, பேய் பங்களா! (சிரிப்பு)

அந்தப் பேய் பங்களாவுக்கு ஒரு வாட்ச்மேன் உண்டு. கம்பளி போர்த்தியிருப்பார், கையில அரிக்கேன் விளக்கு. காரை மறிச்சு, ‘அங்க போகாதீங்க சாமி’ம்பார். பின்னாடி ‘டொய்ங்’னு ஒரு சத்தம். அமெரிக்காப் படத்திலயும் இதே ஆள் உண்டு. 1980-ல வந்த அந்த முதல் படத்துல ஒரு கிழவர் சைக்கிள்ல வந்து, போனா செத்துடுவீங்கம்பார். ஊரே அவரைக் கிறுக்கன்னும். எந்தத் தேசத்துப் படமா இருந்தாலும், பட்டணத்துப் பசங்க மனுஷங்க, அந்த ஊர்க்காரர் மட்டும் அபசகுனம்!

இந்தக் கூட்டத்துல அந்தத் தாத்தா எத்தனை பேர் உட்கார்ந்திருக்கீங்க? காப்பித் தோட்டத்துக்கு ராக்காவல் போறவங்க கை தூக்குங்க பார்ப்போம். (பலர் கை உயர்த்துகின்றனர், கைதட்டல்) இதோ பாருங்க ஐயா! இவங்க கம்பளி போர்த்தறது படத்துக்காக இல்ல, குளிருக்கு. ‘அங்க போகாதீங்க’ன்னு சொல்றதும் பேய்க்காக இல்ல, காட்டெருமைக்காக! மூடுபனியில ஆயிரம் கிலோ எருமை நிக்கறது கீழேயிருந்து வந்த பையனுக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும். உயிரைக் காப்பாத்தச் சொல்ற வார்த்தையை, படம் பார்த்து வந்த பசங்க செல்போன்ல பதிவு பண்ணி, ‘மர்மக் கிழவர் எச்சரிக்கை’ன்னு போட்டா அவர் மனசு என்ன பாடுபடும்?

இன்னொண்ணு. மேலே சேர்வராயன் கோயில்ல குகைக்குள்ள குனிஞ்சு போறோம். இருட்டு, ஈரம், வழுக்கல். பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போறோம். பயமா? இல்லீங்க, உள்ளே நம்ம சாமி இருக்கார்னு ஒரு தெம்பு. வைகாசித் திருவிழாவுக்கு மலை ஊர் எல்லாம் திரண்டு போகுது. அதே மாதிரி ஒரு குகையைப் படத்துல காட்டினா, மண்டை ஓடு மாட்டி, மலை ஜனம் மாதிரி வேஷம் போட்ட ஒருத்தர் கண்ணை உருட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பார். கீழே சேலத்துல காலேஜ் சேர்ற நம்ம ஊர்ப் பொண்ணுகிட்ட, ‘உங்க மலையில பேய் இருக்காமே, மந்திரவாதி இருக்காங்களாமே’ன்னு கேட்டா, அது அந்தப் பிள்ளைக்குப் பொழுதுபோக்காங்க?

நடுவர் ஐயா மணியைத் தொட்டுட்டார். பேயை விட எனக்குப் பயம் அந்த மணிதான்! (சிரிப்பு) ஒரே நிமிஷம்.

எதிரணி அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை குடும்பத்தோட கோவளம் போனீங்கன்னா, மீன் சாப்பிட்டுட்டு அந்த மாதா கோயிலுக்கும் போங்க. அந்தக் கல்லறை முன்னாடி உங்க பையனை நிறுத்தி, ‘இவர்தாண்டா டிமான்ட்டி’ன்னு சொல்லிப் பாருங்க. பையன் என்ன கேட்கறான்னு கேட்டுட்டு வந்து, அடுத்த பட்டிமன்றத்துல எந்த அணியில உட்காரணும்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.



(கைதட்டல்)