பனியும் காரும் காப்புறுதியும்

(ரொறொன்ரோ ஒன்றுகூடலில் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"கார் காப்புறுதியைப் பற்றிக் கதையுங்கோ" என்று செயலாளர் கேட்டபோது, "கலியாண வீட்டிலே கடன் கதையோ?" என்றேன். ஆனால் இன்று வாசலில் நின்று கதைத்தவர்களில் பாதிப்பேர் கதைத்தது அதைத்தான்.

முதலில் என் சொந்தக் கதை. ஒரு ஜனவரி மாதக் காலை, ஸ்காபரோவில் சிவப்பு விளக்குக்கு பிறேக் அழுத்தினேன். கார் நிற்கவில்லை. வழுக்கிப் போய் முன்னால் நின்ற வண்டியில் இடித்தது. "வழுக்கினது பனி, நான் என்ன செய்யிறது?" என்று வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை. ஒன்ராறியோவின் விதிப்படி யார் பிழை என்று தீர்மானிக்கும்போது காலநிலையும் வீதியின் நிலையும் கணக்கில் வராது. பின்னால் இடித்தவன் மேலேதான் பிழை. அந்த ஒரு வழுக்கலுக்குப் பல வருடம் கூடுதல் பணம் கட்டினேன்.

ஆகவே வழுக்காமல் ஓடுவதுதான் முதற் சேமிப்பு. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனால் சாதாரண ரயரின் இறப்பர் இறுகி, பிடிப்புக் குறையும். நான்கு சில்லுக்கும் பனிக்கால ரயர் போடுங்கள். 2016 ஜனவரி 1 முதல், அப்படிப் போடுபவர்களுக்கு ஒன்ராறியோவில் காப்புறுதிக் கம்பனிகள் கழிவு கொடுத்தே ஆகவேண்டும். எவ்வளவு என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். நாங்கள் வாய் திறந்து கேட்கவேண்டும். பற்றுச்சீட்டையும் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். கனபேர் ரயரைப் போட்டுவிட்டுக் கம்பனிக்குச் சொல்லாமலே இருக்கிறார்கள்!

இரண்டாவது, புதுப்பிக்கும் கடிதம் வந்ததும் வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். மூன்று நான்கு இடங்களில் விலை கேளுங்கள். வீட்டையும் காரையும் ஒரே இடத்தில் காப்புறுதி செய்தால் அநேகமாகக் குறையும். விபத்தில் நாமே முதலில் கட்டவேண்டிய 'டிடக்டிபிள்' தொகையைக் கூட்டினாலும் குறையும். ஆனால் அந்தப் பணம் கையில் இருக்கவேண்டும். கார் பழசாகி விலைபோகாத நிலைக்கு வந்துவிட்டால், மோதலுக்கான 'கொலிஷன்' காப்புறுதி இன்னமும் தேவையா என்று கணக்குப் பாருங்கள். அது சட்டப்படி கட்டாயமில்லை. மற்றவர்களுக்கு நேரும் சேதத்துக்கான காப்புறுதியோ கட்டாயம். சட்டம் கேட்கும் ஆகக் குறைந்த தொகை 200,000 டொலர். அதில் மட்டும் கை வைத்து மிச்சம் பிடிக்காதீர்கள். பெரிய விபத்தொன்றுக்கு அது காணாது.

மூன்றாவது, இளையவர்களுக்கு. அங்கீகரிக்கப்பட்ட சாரதிப் பயிற்சி எடுத்தால் ஜி1 லைசன்ஸில் காத்திருக்கும் காலம் 12 மாதத்திலிருந்து 8 மாதமாகும். பல கம்பனிகள் அதற்குக் கழிவும் தருகின்றன.

கடைசியாக ஒன்று. வசிக்கும் இடத்தைப் பொறுத்தும் இங்கே விலை மாறும். "தூரத்து ஊரில் இருக்கிற மச்சானின்ரை விலாசத்தைக் குடு, பாதியாய்க் குறையும்" என்று எனக்கும் ஒருவர் புத்தி சொன்னார். மகன் ஓட்டும் காரைத் தகப்பன் ஓட்டுவதாக எழுதுகிறவர்களும் உண்டு. குறையும்தான், விபத்து நடக்கும் வரைக்கும். பொய் பிடிபட்டால் நட்டஈடு மறுக்கப்படலாம், ஒப்பந்தமே ரத்தாகலாம். பிறகு வேறு கம்பனி எடுப்பதும் கஷ்டம். எடுத்தாலும் யானை விலை.

கல்லூரியில் பொய்க் கடிதம் கொடுத்து லீவு எடுத்தபோது, இரண்டு பிரம்படியோடு விஷயம் முடிந்தது. இங்கே பிரம்பு இல்லை, பிள்ளையள், வீடுதான் போகும்.

மண்டபத்துக்கு வெளியே இப்போதும் பனி கொட்டுகிறது. ஆறுதலாக ஓட்டிக்கொண்டு வீடு போய்ச் சேருங்கள்.