ரூபே அட்டையும் நம் வீட்டுக் கணக்கும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஊரைவிட்டு வந்து மும்பையிலும் தில்லியிலும் சூரத்திலும் பிழைக்கும் நம் வீடுகளுக்குள் இன்று கடன் அட்டை நுழைந்துவிட்டது. வங்கி ஆள் கையெழுத்துக் கேட்கிறார். நாமும் போட்டுக் கொடுக்கிறோம். அட்டையின் மூலையில் அச்சிட்டிருக்கும் பெயர் எது என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அந்தச் சின்னப் பெயருக்குப் பின்னே பெரிய போட்டி நடக்கிறது.

நெடுங்காலமாக இந்த நாட்டில் அட்டை என்றால் விசா, மாஸ்டர்கார்டு என்ற இரண்டு அமெரிக்கக் கம்பெனிகள்தாம். அவை நமக்குக் கடன் கொடுப்பதில்லை. கடன் கொடுப்பது வங்கி. கடைக்காரரின் வங்கிக்கும் நம் வங்கிக்கும் இடையே கணக்கு ஓடும் பாதை மட்டுமே அவர்களுடையது. கடைக்காரர் கட்டும் தரகில் பெரும்பங்கு அட்டை கொடுத்த வங்கிக்கு; பாதைக்காரருக்கும் ஒரு பங்கு உண்டு.

இந்தச் சந்தையில்தான் 2012-இல் ரூபே வந்தது. மும்பையில் தலைமையிடம் கொண்ட இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் அட்டை அது. புதியவன் எப்படிப் போட்டியிட்டான்? பெரியவர்கள் கடை வைக்காத தெருவில் கடை வைத்தான். 2014 ஆகஸ்டு 28-இல் ஜன்தன் திட்டம் தொடங்கியபோது, வங்கி வாசலையே மிதிக்காத கோடிக்கணக்கான ஏழைகளின் கைக்கு ரூபே பற்று அட்டை போய்ச் சேர்ந்தது.

அடுத்தது விலை. 2020 ஜனவரி 1 முதல் ரூபே பற்று அட்டைக்குக் கடைக்காரர் தரகு கட்ட வேண்டியதில்லை. கடைக்காரருக்கு லாபம், ஆனால் வங்கிக்கு வருமானம் போயிற்று. வருமானம் தராத அட்டையை எந்த வங்கி ஆர்வத்தோடு எடுத்து நீட்டும்? அதனால்தான் 2021 டிசம்பரில் மத்திய அரசு இந்த அட்டைக்கும் யுபிஐ சிறு பட்டுவாடாவுக்குமாகச் சுமார் 1,300 கோடி ரூபாய் ஊக்கத்தொகையை வங்கிகளுக்கு ஒதுக்கியது. அது யார் பணம்? மக்கள் பணமல்லவா?

கடன் அட்டையில் ரூபே 2017-இல் இறங்கியது. அங்கே பழையவர்கள் வேரூன்றியிருந்தார்கள். 2022 செப்டம்பரில் ஒரு கதவு திறந்தது. கடன் அட்டையை யுபிஐயோடு இணைக்கும் வசதி முதலில் ரூபேக்குத்தான் கிடைத்தது. அட்டை தேய்க்கும் இயந்திரம் இல்லாத மளிகைக் கடையிலும், போனைக் காட்டிக் கடனில் வாங்கலாம் என்றாயிற்று.

ஆக, சிறியவனின் வளர்ச்சிக்கு அவன் சாமர்த்தியமும் காரணம், அரசின் கையும் காரணம். இதனால் நமக்கு வந்த நன்மை என்ன? 2024 மார்ச் 6-இல் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. எந்தப் பெயர் அட்டை வேண்டும் என்று கேட்டுப் பெறும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு என்றது. பழைய அட்டைக்காரர்கள் புதுப்பிக்கும்போது கேட்கலாம். பத்து லட்சம் அட்டைக்கு மேல் கொடுத்த வங்கிகளுக்கு இது பொருந்தும். இந்த உரிமையை நாம் விட்டுவிடக் கூடாது.

ஆனால், தோழர்களே, சுதேசி அட்டை என்பதற்காகக் கடன் கடனில்லாமல் போய்விடாது. பாதை மாறினாலும் வட்டி போடுவது அதே வங்கிதான். பாக்கியை முழுதும் கட்டாமல், குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி வந்தால் என்ன ஆகும்? மாதம் மூன்றரை சதவிகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 ரூபாய் பாக்கிக்கு மாதம் 350 ரூபாய். வட்டிக்கு வட்டி சேராமலே ஆண்டுக்கு 4,200. ஊரில் கந்துவட்டிக்காரனைத் திட்டிய வாயால் இதற்கு என்ன பெயர் சொல்வோம்?

30 சதவிகிதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னது. 2024 டிசம்பர் 20-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. பாதைக்காரர்களின் போட்டியால் தரகு குறையலாம்; வட்டி தானாகக் குறையாது. வட்டிக்கு உச்சவரம்பு வேண்டும் என்பதே உழைப்பவர் கேட்க வேண்டிய கோரிக்கை.

அதுவரை நாம் செய்யக்கூடியது இதுதான்: அட்டையின் பெயரை நாமே கேட்டு வாங்குவோம், யுபிஐயில் பணம் போகும்போது அது நம் சேமிப்பிலிருந்து போகிறதா, கடனிலிருந்து போகிறதா என்று பார்த்து அனுப்புவோம், பாக்கியைத் தவணை நாளுக்குள் முழுதும் அடைப்போம். முடியாதென்று தெரிந்தால், அந்த அட்டையை வாங்காமலே இருப்போம்.