கொல்லன் மகன் ஏற்றிய விளக்கு
(பொன்விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழாவை முன்னிட்டு நம் கோயில் முழுவதும் மின்விளக்குகள் எரிகின்றன. இந்த வெளிச்சத்துக்காக நாம் ஓர் ஏழைக் கொல்லன் மகனுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

மைக்கேல் பாரடே 1791-ல் லண்டன் அருகே பிறந்தார். தந்தை நோயாளி. எழுத்தும் கணக்கும் கற்றதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. 14 வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். பைண்டுக்கு வந்த நூல்களையே வாசித்து அறிவை வளர்த்தார்.

1812-ல் கடை வாடிக்கையாளர் ஒருவர், விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்கு அவருக்கு அனுமதிச் சீட்டுகள் கொடுத்தார். கேட்டவற்றை எழுதி, தாமே பைண்டு செய்து, டேவிக்கே அனுப்பி வேலை கேட்டார் பாரடே. இடமில்லை என்றார்கள். மனந்தளரவில்லை. 1813 மார்ச்சில் உதவியாளரானார். 1825-ல் அதே ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானார். 1831-ல் காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கும் வழியைக் கண்டார். அனல், நீர் மின்நிலையங்கள் இன்றும் அவ்வழியில்தான் இயங்குகின்றன.

சென்ற ஆண்டு நம் பங்கில் பத்தாம் வகுப்போடு நின்ற ஒரு மாணவன் வீட்டுக்குப் போய், விடாமுயற்சியைப் பற்றிப் பேசினேன். அவன் தாய் கேட்டார்: "அவன் வேலைக்குப் போகாட்டி வட்டிய யாரு சாமி கட்டுறது?" என்னிடம் பதில் இல்லை.

பிள்ளைகளே, பாரடேயைப் போல விடாது உழையுங்கள். பெரியோரே, அந்தச் சீட்டுக் கொடுத்தவரை நாம் பின்பற்றுவோம். இந்த விளக்குகளைக் கழற்றுமுன், வசதியுள்ள ஒவ்வொரு குடும்பமும் ஒரு பிள்ளையின் படிப்பை ஏற்றுக்கொள்ளட்டும். அதுவே நம் பொன்விழாவின் நிலையான நினைவுச்சின்னம்.