கறுப்பைப் பொறுத்துப் பார்த்தல்



புல்மோட்டையிலிருந்து வந்து இங்கே விடுதியில் தங்கிப் படித்தவள் நான். வைத்தியர் ஒருவர் பேச வந்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று ஓர் ஓவியத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

அதன் பெயர் ‘கறுப்புச் சதுரம்’. கஸிமிர் மலேவிச் 1915ஆம் ஆண்டு பெத்ரோகிராட் நகரில் அதைக் காட்சிக்கு வைத்தார். வெள்ளையின் நடுவே ஒரு கறுப்புச் சதுரம், அவ்வளவுதான். ரஷ்ய வீடுகளில் புனிதர்களின் படங்களை மாட்டும் மேல்மூலையில் அதை மாட்டினார்.

“இதை என் பிள்ளையும் கீறுமே” என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். மூலைமட்டம் வைத்தால் அது சரியான சதுரம் அல்ல. வெள்ளையில் தூரிகை ஓடிய தடம் தெரிகிறது. கறுப்பு முழுவதும் வெடித்திருக்கிறது. வெடிப்புகளுக்கூடாக வேறு நிறங்கள் எட்டிப் பார்க்கின்றன. 2015இல் மொஸ்கோவின் திரெத்தியாக்கோவ் காட்சியக ஆய்வாளர்கள், அந்தக் கறுப்பின் கீழே வேறு இரண்டு ஓவியங்கள் இருப்பதாக அறிவித்தார்கள். அதற்கு அவர்களுக்கு உதவியவற்றுள் ஒன்று எங்கள் ஊடுகதிர்ப் படம்.

எங்களுக்கும் நாள்தோறும் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். மார்பு ஊடுகதிர்ப் படத்தில் கண்ணுக்கு முதலில் படுவதோடு நின்றுவிடக் கூடாது. நுரையீரலின் உச்சி, இதயத்தின் நிழலுக்குப் பின்புறம், பிரிமென்றகட்டின் கீழ்ப்பகுதி என ஒவ்வோர் இடமாகப் போய்ப் பார்க்க வேண்டும். காசநோய் பெரும்பாலும் அந்த உச்சியில்தான் ஒளிந்திருக்கும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் மருத்துவ மாணவர்களை ஓவியங்களின் முன்னால் நிறுத்திப் பழக்கியது. அவர்கள் நோய்க்குறிகளைக் கூடுதலாகக் கண்டறிந்தார்கள் என்று 2001இல் வெளியான ஆய்வு காட்டியது.

எங்கள் ஊர்க் கடற்கரையும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான். அலை திரும்பும்போது இலேசான வெண்மணலை இழுத்துச் செல்கிறது. பாரமான இல்மனைட் கறுப்புக் கோடுகளாகக் கரையில் தங்குகிறது. அதை எடுப்பதற்கென்றே 1957இல் அரசு கனிம மணல் கூட்டுத்தாபனத்தை அமைத்தது. அந்தக் கறுப்பு மணலுக்குள் இருப்பது டைட்டேனியம். அதிலிருந்து செய்யும் டைட்டேனியம் டைஒக்சைட்தான் இன்று சுவருக்கும் ஓவியத்துக்கும் பூசும் வெள்ளை. நஞ்சான ஈய வெள்ளையின் இடத்தை அது பிடித்தது. நாங்கள் எழுதிக் கொடுக்கும் பல மாத்திரைகளின் வெள்ளைப் பூச்சும் அதுவே. கறுப்பாகக் கப்பலேறிப் போவது, வெள்ளையாக விலையேறித் திரும்புகிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பரீட்சைக்கு உதவாது என்று சித்திரப் பாடத்தை ஒதுக்கும் காலம் இது. நம் சங்கத்திடம் நான் கேட்பது பெரிய செலவல்ல. தவணைக்கு ஒருமுறை ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரேயொரு படம், பத்து நிமிடம் தாருங்கள். எவரும் விளக்கம் சொல்லித்தர வேண்டாம். கண்டதை மட்டும் பிள்ளைகள் சொல்லட்டும். “வேறென்ன தெரிகிறது?” என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

அவர்களில் ஒருத்தி நாளை வைத்தியராகலாம், நீதிபதியாகலாம், தாயாகலாம். தன் முன்னால் வந்து நிற்கும் மனிதரை ஒரு பார்வையில் எடைபோட்டு அனுப்பிவிடாமல், இன்னும் ஒரு நிமிடம் பார்ப்பாள். சில வேளை ஓர் உயிர் அந்த ஒரு நிமிடத்தில்தான் இருக்கிறது.