கட்டடத்திற்கும் சுருதி சேர்க்க வேண்டும்

(ஆலயத் திருமண மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கச்சேரி தொடங்குமுன் வித்துவான் தம் வீணையைச் சுருதி சேர்க்கிறார். சுருதி கலைந்துவிட்டதென்று எவரும் புது வீணை வாங்குவதில்லை. கட்டடங்களைப் பொறுத்தவரை நாம் அவ்வாறு நடந்துகொள்கிறோமா? குளிர் குறைந்தால் இயந்திரம் பழுது என்கிறோம். மிகுந்தால் கம்பளிச் சட்டை அணிகிறோம். பூமத்திய ரேகைக்கு அருகே வாழ்ந்துகொண்டு கம்பளி அணியும் விந்தையைச் சிராங்கூன் சாலை முதல் ஷென்டன் வே வரை காணலாம்!

குளிர்சாதனத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. 1959இல் பிரதமரானதும் அரசாங்க அலுவலகங்களில் அதைப் பொருத்துவதற்கே முன்னுரிமை அளித்ததாகத் திரு லீ குவான் இயூ 2009இல் ஒரு நேர்காணலில் தெரிவித்தார். அந்தக் குளிரில் அமர்ந்து பணியாற்றும் அரசு ஊழியன் நான், நன்றி மறவேன்.

ஆயினும், திறப்பு விழாவன்று சரியாக வைக்கப்பட்ட அளவுகள் நாளடைவில் பிறழ்கின்றன. ஓர் அறை இரண்டாகத் தடுக்கப்படுகிறது. வெப்பத்தை அளக்கும் கருவி தடுப்புக்கு அப்பால் சிக்கிக்கொள்கிறது. ஓர் இரவு நிகழ்ச்சிக்காக இயக்க நேரத்தை நள்ளிரவு வரை நீட்டுகிறோம். அது அப்படியே நிலைத்துவிடுகிறது. வெளிக்காற்றை உள்ளே விடும் அடைப்புப் பலகை திறந்தபடி துருவேறினால், நம் ஊரின் ஈரக்காற்றை நாள் முழுவதும் குளிர்விக்க நேரிடும். மூடியபடி துருவேறினால், கூட்டம் நிறைந்த திருமணத்தில் மூச்சு முட்டும். இவற்றில் எவருடைய குற்றமும் இல்லை. எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அவ்வளவே.

இவற்றைச் சீராக்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடம் 643 கட்டடங்களின் விவரங்களைத் திரட்டி 2009இல் அறிக்கை வெளியிட்டது. ஏற்கெனவே இயங்கிவந்த கட்டடங்களில் எரிசக்திச் சேமிப்பின் இடைநிலை அளவு 16 விழுக்காடு. செலவிட்ட பணம் ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் மீண்டது. காற்றைச் செலுத்தும் விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், அது உண்ணும் மின்சாரம் ஏறக்குறையப் பாதியாகும். வேகம் சிறிது தணிந்தால் மின்தேவை பன்மடங்கு தணியும் என்பது பொறியியல் விதி.

நம் நாட்டில் 2012இல் திருத்தப்பட்ட கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம், பெரிய கட்டடங்களின் குளிரூட்டும் அமைப்பைக் குறித்த கால இடைவெளியில் தணிக்கை செய்யப் பணிக்கிறது. நம் மண்டபம் அவ்வளவு பெரிதன்று. சட்டம் கேட்காவிட்டால் நாம் பார்க்கக் கூடாதா?

இம்மண்டபத்தின் குளிர்சாதனம் முழுவதையும் மாற்ற நன்கொடை திரட்டலாம் என்ற பேச்சு எழுந்துள்ளது. இங்கே இருபது பிள்ளைகள் தேவாரம் பயிலும் மாலையிலும், ஐந்நூறு பேர் கூடும் முகூர்த்தத்திலும் ஒரே அளவுக் குளிரே வீசுகிறது. முன்வரிசை மூதாட்டியர் முந்தானையைப் போர்த்திக்கொள்ள, பின்வரிசையினர் அழைப்பிதழால் விசிறிக்கொள்கின்றனர். புது இயந்திரம் வந்தாலும் இக்குறை தொடரும்.

அழுத்தி உண்மையிலேயே தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் அதை முடிவு செய்யுமுன், தேர்ந்த தொழில்நுட்பர் ஒருவரைக் கூட்டமுள்ள நாளில் ஒருமுறையும் இல்லாத நாளில் ஒருமுறையும் வரவழைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பணம் உண்டியலில் பக்தர்கள் இட்ட பணம். திருவிழா முடிந்த மறுவாரமே இதைச் செய்யுமாறு நிர்வாகக் குழுவினரைப் பணிவுடன் வேண்டி அமர்கிறேன்.