கிரெனோபிள் கல்லூரியின் சூரிய கடிகாரம்

பிரான்ஸ் தேசத்தின் தென்கிழக்கே, ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலுள்ள கிரெனோபிள் நகரத்தில், இயேசு சபைக் குருமார் முற்காலத்தில் நடத்திவந்த கல்லூரியின் மாடிப்படிகளில் ஏறுகிறவர்கள், சுவரிலும் கூரையிலும் வண்ணக் கோடுகள் பின்னிப் பிணைந்து, அவற்றினிடையே லத்தீன் எழுத்துகளும் ராசிகளின் சின்னங்களும் விளங்கக் காணலாம். சுமார் 100 சதுர மீட்டர் பரப்பில் தீட்டப்பட்ட அச்சித்திரம் முழுவதும் ஒரே சூரிய கடிகாரம். அங்கே கணித சாஸ்திரம் போதித்த போன்ஃபா பாதிரியார் அதை 1673இல் அமைத்தார்.

சூரிய கடிகாரம் என்றதும் வெட்டவெளியில் நாட்டிய கோலும் அதன் நிழலுமே நம் நினைவுக்கு வரும். இங்கோ, சன்னல் மேடையில் வைத்த சிறு கண்ணாடியின்மேல் வெயில் விழுந்து, மேல்நோக்கித் திரும்பி, சுவரிலோ கூரையிலோ ஓர் ஒளிப்பொட்டாகப் படிகிறது. அப்பொட்டு எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதுவே மணி. ஜூன் மாதக் கடைசியில், உச்சிவேளைச் சூரியன் ஏறத்தாழ 68 பாகை உயரத்தில் நிற்பதால், ஒளி நிமிர்ந்தெழுந்து கண்ணாடிக்குச் சமீபமாகவே கூரையைத் தொடும். டிசம்பர்க் கடைசியிலோ அவ்வுயரம் 21 பாகைக்குச் சற்றே அதிகமாதலால், ஒளி சாய்ந்து வெகுதூரம் உள்ளே செல்லும். ஆகவே மணியை மட்டுமன்றிப் பருவத்தையும் அப்பொட்டே அறிவித்துவிடுகிறது.

இதன் கணக்கை நினைக்க நினைக்க எனக்குப் பிரமிப்பு மிகுகிறது. கூரையில் ஓடிவரும் கோடு சுவருக்கு இறங்கும் மூலையில் திசை மாறியாக வேண்டும். மாறியும் அதே மணியைத் தவறாமல் சொல்லியாக வேண்டும். இவ்வளவும் செய்த பின்னும் திருப்தியடையாமல், சந்திரன் ஒளியால் இரவு மணி அறியும் உபாயத்தையும், தம் சபையினர் தொண்டாற்றிய தூர தேசங்களின் நேரத்தையும் அவர் அச்சுவர்களிலே சேர்த்து வைத்தார். பிற்காலத்தில் ஸ்தாந்தால் என்ற புனைபெயரால் புகழடைந்த நாவலாசிரியர் இளமையில் பயின்றதும் இக்கட்டடத்திலேதான்.

இன்று அந்நகரத்தார் பின்பற்றும் பொது நேரம், அவ்வூருக்கு வெகு கிழக்கேயுள்ள தீர்க்கரேகையைச் சார்ந்தது. ஆதலால் குளிர்காலத்தில், கைக்கடிகாரம் பன்னிரண்டைக் காட்டி, சராசரியாக 37 நிமிஷம் சென்ற பின்னரே சுவரில் உச்சிவேளை பிறக்கும். இவ்வேற்றுமையைப் பழமையின் பிழையென்று எண்ணலாகாது. கிரெனோபிளின் மெய்யான நடுப்பகலைச் சொல்வது பாதிரியார் தீட்டிய சுவரே.