கைக்குழந்தையின் அழுகையும் கண்விழிக்கும் பெற்றோரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி நடந்த மாதர் அரங்கில் நிகழ்த்திய உரை)



மேடைக்கு உரிய பொருள் மொழியும் இலக்கியமுமே என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. அவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். நான் பேச எடுத்துக்கொண்டது குழந்தையின் வயிற்று உப்புசம். மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் தொடங்கி இரவு பத்து, பதினொரு மணி வரை வீறிட்டு அழும் ஒன்றரை மாதக் குழந்தையையும், அதனைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூடத்திற்கும் அடுக்களைக்கும் நடையாய் நடக்கும் பெற்றோரையும் பற்றிய பேச்சு இது. இலக்கியத்திற்கும் இதற்கும் உறவே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. பிள்ளைத்தமிழ் பாடும் புலவர் குழந்தையின் மூன்றாம் திங்களிலிருந்து பாட்டைத் தொடங்குவது மரபு. காப்பு முதலில் வரும். ஐந்தாம் திங்களில் செங்கீரை, ஏழாம் திங்களில் தால் என்று நூல் வளரும். தொடக்க நாள்களை ஏன் விட்டார்கள் என்பதற்கு இலக்கணம் வல்லார் வேறு காரணம் கூறலாம். அந்நாள்களில் பாட்டெழுதும் தெம்பு வீட்டில் எவருக்கும் இருந்திராது என்பதே என் துணிபு!

இவ்வழுகைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவரான மாரிஸ் வெஸல் என்பவர் 1954-இல் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார். நன்றாகப் பாலுண்டு எடையேறும் குழந்தை, நாளொன்றுக்கு 3 மணி நேரத்திற்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரங்களுக்கு மேலும் அழுமாயின் அதனை வயிற்றுவலி அழுகை எனக் கொள்க என்றார். 1962-இல் பிரேசல்டன் என்னும் மருத்துவர் 80 தாய்மார்களை நாட்குறிப்பு எழுதச் செய்து பார்த்தார். நோயற்ற குழந்தைகளும் நாள்தோறும் அழுதன. பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து அழுகை ஏறியது. ஆறாம் வாரத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2¾ மணி நேரம் என உச்சத்தை அடைந்தது. பன்னிரண்டாம் வாரத்திற்குள் இறங்கிவிட்டது. மாலை வேளையிலேயே அது மிகுந்திருந்தது. எந்த மருந்தின் உதவியும் இன்றி அது ஏறுகிறது, இறங்குகிறது. இதனை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னர் நான் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

ஏன் அழுகிறது? ஒரே காரணம் இன்னதென்று மருத்துவ உலகம் இன்னும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. வயிறு கல்போல் இருக்கிறது, காலை மடக்குகிறது, காற்றுப் பிரிகிறது. ஆகவே வாயுதான் காரணம் என்று நாம் முடிவுகட்டுகிறோம். ஆனால் வீறிட்டு அழும் குழந்தை அழுகையினூடே காற்றை விழுங்குகிறது என்பதை மறந்துவிடுகிறோம். பல வேளைகளில் வாயு அழுகையின் விளைவேயன்றி அதன் காரணம் அன்று. பால் குடித்ததும் தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் எடுக்கச் செய்கிறோமே, அதனையும் சண்டிகரில் 71 தாய் சேய் இணைகளைக் கொண்டு ஆராய்ந்தார்கள். 2015-இல் வெளியான அவ்வாய்வின்படி, ஏப்பம் எடுக்கச் செய்த குழந்தைகளிடம் இவ்வழுகை குறையவில்லை. பால் கக்குவதுதான் மிகுந்திருந்தது. தட்டுவதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தோளில் கிடப்பது குழந்தைக்கு இதமே. ஏப்பம் வரவில்லையே என்று நள்ளிரவில் அரைமணி நேரம் உட்கார்ந்து தவங்கிடக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

அடுத்தது, தாயின் தட்டைக் கண்காணிக்கும் வழக்கம். நேற்றுக் கத்தரிக்காய் தின்றாய், அதனால் அழுகிறது. பருப்புப் போட்டுக்கொண்டாய், அதனால் அழுகிறது என்று ஊரிலிருந்து தொலைபேசியிலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது. தாயின் குடலில் உண்டாகும் வாயு பாலில் கலந்து குழந்தைக்குப் போவதில்லை. பசும்பாற் புரதம் ஒவ்வாத குழந்தைகள் சில உண்டு. மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி, தோலில் கரப்பான் என்று வேறு அறிகுறிகளும் அவற்றிடம் காணலாம். அதனை மருத்துவரே ஆராய்ந்து சொல்ல வேண்டும். மற்றபடி, பச்சை உடம்புக்காரியை ரசஞ்சோற்றோடு நிறுத்திவிட்டு, அவளிடமிருந்து பாலை மட்டும் குறைவின்றி எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

இனி மருந்துக்கு வருவோம். நம் வீடுகளில் உரைமருந்து உண்டு: கல்லில் இழைத்த வசம்பு, மாசிக்காய், சாதிக்காய், கடுக்காய், சுக்கு. வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்றும் பேர் சொல்லா மருந்து என்றும் நம் பாட்டிமார் போற்றினார்கள். அண்டை வீட்டுக் கன்னட அஜ்ஜியும் அதையே பஜே என்று சொல்லி இழைக்கிறார். இந்த ஒன்றில் மொழிவேற்றுமை இல்லை. எனினும் வசம்பில் அசரோன் என்னும் பொருள் இருப்பதையும், விலங்குகளிடம் அதன் தீங்கு தெரியவந்ததால் 1968-இல் அமெரிக்க அரசு வசம்பை உணவில் சேர்க்கலாகாது எனத் தடுத்ததையும் நாம் அறிந்திருக்க வேண்டும். பாட்டியிடம் நமக்குள்ள மதிப்பு இதனால் குறையாது. ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டா என்பதே இன்றைய மருத்துவம். அதனால் உரைமருந்தும், சர்க்கரைத் தண்ணீரும், தேனும் அந்த வாயருகே செல்ல வேண்டியதில்லை. தேனோ ஓராண்டு நிறையும் வரை கூடவே கூடாது.

கிரைப் வாட்டரை நான் விட்டுவிட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். 1851-இல் இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்து மருந்தாளர் வில்லியம் உட்வர்டு செய்தது அது. சதுப்புநிலக் காய்ச்சலுக்குக் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்ட மருந்தைப் பார்த்து அதனை அமைத்தார் என்பது வரலாறு. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, சிறிது சாராயம் ஆகியவை அதில் இருந்தன. குழந்தை தூங்கியதில் வியப்பு என்ன! சாராயம் பின்னர் நீக்கப்பட்டது. புகழ் மட்டும் நீங்கவில்லை. சதகுப்பை என்றால் புரியாதவர்கள் தேவராஜா மார்க்கெட்டில் சப்பசிகே சொப்பு என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கீரையின் விதைதான். சாம்பாரில் மணக்கும், தாய் உண்ணட்டும். ஆறாம் வாரத்தில் மருந்து தொடங்கி, பன்னிரண்டாம் வாரத்தில் அழுகை நின்றால், நன்றி முழுவதும் புட்டிக்குப் போகிறது. பிரேசல்டனின் நாட்குறிப்புக் குழந்தைகளோ தாமே நிறுத்திக்கொண்டன.

வயிற்றுவலிச் சொட்டு மருந்துகளில் சற்று எச்சரிக்கை தேவை. காற்றைக் கரைக்கும் சிமெதிகோன், ஆய்வுகளில் வெறுஞ்சொட்டை விட மேலானதாகத் தெரியவில்லை. கெடுதலும் பெரிதாக இல்லை. டைசைக்ளோமின் அப்படியன்று. மூச்சுத்திணறல் உண்டாக்கக்கூடியதாகையால் ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு அது விலக்கப்பட்ட மருந்து. கடைக்காரர் எடுத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அப்படியானால் என்னதான் செய்வது? தூக்கிக்கொள்ளுங்கள். தாலாட்டுங்கள், கன்னடத்தில் ஜோகுளம் பாடினாலும் குழந்தை மறுப்புச் சொல்லாது. வெதுவெதுப்பான நீரில் துடைத்து, வயிற்றை வலஞ்சுழியாக மெல்ல நீவிவிடுங்கள். 1986-இல் கனடாவின் மான்ட்ரீல் நகரில் நடந்த ஆய்வில், வழக்கத்திற்கு மேல் நாள்தோறும் தூக்கிவைத்திருந்த குழந்தைகள் ஆறாம் வாரத்தில் 43 விழுக்காடு குறைவாக அழுதன. ஆனால் பெருவழுகை பிடித்துவிட்ட குழந்தைகளிடம் இப்பயன் இல்லை என்று அதே குழுவினர் 1991-இல் நேர்மையாக எழுதினார்கள். ஆகவே, எல்லாம் செய்தும் குழந்தை அழக்கூடும். அது தாயின் திறமைக்குறைவு அன்று.

இங்கேதான் நம்மைப் போல் ஊர்விட்டு வந்தோரின் இடர் தொடங்குகிறது. தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு சென்ற பெண், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் கணவன் வீடு திரும்புவாள் என்பது நம் பழைய வழக்கம். அழுகையின் உச்சம் பாட்டி, சித்தி, அத்தை எனப் பல தோள்களில் கழிந்துவிடும். இன்று பிரசவம் இங்கேயே நடக்கிறது. அம்மா மதுரையிலிருந்தோ நெல்லையிலிருந்தோ வந்து நாற்பது நாள் இருக்கிறார், பிறகு ரயிலேறிவிடுகிறார். நாற்பது நாள் என்பது எத்தனை வாரம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். அழுகை உச்சிக்கு ஏறும் ஆறாம் வாரத்தில், துணை இறங்கிப் போய்விடுகிறது! தந்தை ரயில்வே பணிமனையில் மத்திய அரசு ஊழியராயின் பதினைந்து நாள் விடுப்பு உண்டு. தனியார் நிறுவனமாயின் முதலாளி வைத்ததே சட்டம். அவ்விடுப்பும் அதற்குள் தீர்ந்திருக்கும். மூடிய கதவுக்குள், உறங்காத இரு இளையோரும், உறங்க மறுக்கும் ஓர் உயிரும் மிஞ்சுகிறார்கள்.

அங்கே என்ன நடக்கக்கூடும் என்பதை மங்கல விழாவில் சொல்லலாமா என்று தயங்கினேன், சொல்லத்தான் வேண்டும். பொறுமை எல்லை கடந்த ஒரு நொடியில், அன்புள்ள கைகளே குழந்தையைப் பிடித்து உலுக்கிவிடுகின்றன. அந்தக் கழுத்துக்கு வலுவில்லை. மூளையில் இரத்தம் கசிந்து, பார்வையோ உயிரோ போய்விடும். கோபம் தலைக்கேறுகிறதென்று உணர்ந்தால், குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, அறையை விட்டு வெளியே வந்து பத்து நிமிடம் நில்லுங்கள். தொட்டிலில் அழுதால் ஒன்றும் ஆகாது. தாய் நாள்கணக்கில் உண்ணாமல், உறங்காமல், எதிலும் பற்றில்லாமல் அழுதுகொண்டேயிருந்தால் அதுவும் மருத்துவம் பார்க்க வேண்டிய நிலையே, பிடிவாதமென்று ஏசாதீர்கள். குழந்தையோடு சோபாவில் சாய்ந்து கண்ணயர்வதும் ஆபத்து.

குழந்தைக்கு 100.4 டிகிரிக் காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், பாலை மறுத்தல், துவண்டு கிடத்தல், அரையில் வீக்கம், இவற்றுள் ஒன்று கண்டாலும் அது நான் பேசிய அழுகை அன்று. விடியட்டும் என்று காத்திராமல் செலுவாம்பா அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள குழந்தை மருத்துவரிடமோ செல்லுங்கள்.

மற்ற அழுகைக்கு நம் காலனியிலேயே மருந்து உண்டு. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, மாலையில் தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்கள் இம்மன்றத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஓய்வுபெற்ற ஐயாமார்களும் குழந்தையைத் தூக்கத் தெரியாதவர்கள் அல்லர். மாலை 6 மணி முதல் 8 மணி வரை, வாரத்தில் ஒரே ஒரு நாள், பச்சைக் குழந்தையுள்ள வீட்டுக்கு ஒருவர் சென்று குழந்தையை வாங்கிக்கொண்டு, அந்தப் பெண்ணை உறங்கச் சொன்னால் போதும். அறிவுரை வேண்டா, கைகளைக் கழுவிவிட்டுப் போனால் சரி. மாதர் பிரிவுச் செயலாளர் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார். சிற்றுண்டி மேசைக்கு அருகில், வாயிலின் இடப்புறம் அது இருக்கிறது. போகும்போது பெயரையும் வசதிப்படும் நாளையும் எழுதிவிட்டுச் செல்லுங்கள். இப்போது குழந்தை பெற்றிருக்கும் வீட்டார் தங்கள் வீட்டு எண்ணை எழுதுங்கள்.